பூங்காவின் கல்லும் பேச வேண்டும்!

(போத்தனூர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பூங்கா என்பது மாலையில் காற்று வாங்கவும், குழந்தைகள் ஓடி விளையாடவும் உள்ள இடம். ஆலையிலும் ரயில்வேயிலும் உழைத்துக் களைத்தவனுக்கு உட்கார ஒரு மரநிழல் வேண்டாமா? ஆனால் பூங்காவுக்கு இன்னொரு கடமையும் உண்டு. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் ஊரின் வரலாற்றைச் சொல்வது பூங்காவின் பெயரும் அங்குள்ள சிலையும்தான்.

கோவையில் வ.உ.சி. பூங்கா இருக்கிறது. 1908ல் வ.உ.சிதம்பரம் பிள்ளையைக் கோவைச் சிறையில் அடைத்து, மாட்டைப்போல் செக்கிழுக்க வைத்தது வெள்ளை ஏகாதிபத்தியம். அடைத்த அதிகாரியின் பெயர் இன்று யாருக்குத் தெரியும்? அடைபட்டவரின் பெயரையோ பூங்காவுக்குப் போகும் குழந்தைகூடச் சொல்கிறது.

நம் போத்தனூருக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ரத்தம் உறையச் செய்யும் வரலாறு. 1921 நவம்பர் 19 அன்று, மலபார் கிளர்ச்சிக் கைதிகள் சுமார் 100 பேரைத் திரூரில் ஒரு சரக்கு வாகனில் திணித்துக் கதவைப் பூட்டினார்கள். காற்று நுழையப் போதிய வழியில்லை. போத்தனூர் நிலையத்தில் கதவைத் திறந்தபோது உள்ளே பிணங்கள் குவிந்து கிடந்தன. 60க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் மாப்பிள்ளைமார், இந்துக்களும் இருந்தனர். நாப் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது சர்க்கார். போன உயிர் திரும்பியதா?

அந்தக் கிளர்ச்சியில் தவறுகளே நடக்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். நடந்தன, மறைக்க வேண்டியதில்லை. குத்தகைக் கொடுமையாலும் அன்னிய ஆட்சியாலும் மூண்ட தீயில் மதவெறியும் தலைகாட்டியது உண்மை. ஆனால் கைவிலங்கு பூட்டிய மனிதனின் உயிருக்குப் பொறுப்பு யார்? பூட்டிய ஆட்சிதானே!

திரூர் மக்கள் மறக்கவில்லை. அங்கே நகர மண்டபமே வாகன் துயர நினைவு மண்டபமாக நிற்கிறது. 2018ல் திரூர் ரயில் நிலையச் சுவரில் இந்தத் துயரத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். ஆட்சேபம் கிளம்பியதும் ரயில்வே நிர்வாகம் அதை அழித்துவிட்டது. சுவரில் வெள்ளையடித்தால் வரலாறு அழிந்துவிடுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: கதவு பூட்டப்பட்டது திரூரில், திறக்கப்பட்டது போத்தனூரில். அந்தக் காட்சியைப் போத்தனூர்ப் பூங்காவில் கல்லில் செதுக்கி வையுங்கள்! பக்கத்தில் ஒரு ஊஞ்சலும் இருக்கட்டும். ஆடும் குழந்தை "இது என்ன?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல நாம் இருக்கிறோம்.