பேப்பர் டெஸ்ட் இல்லை, பாப் டெஸ்ட்!

(தோட்டப் பெண்கள் கூட்டமொன்றில் ஆறு தொழிலாளிப் பெண்கள் சார்பாக வாசிக்கப்பட்ட உரை)



நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் ஒரே மலையில் கொழுந்து எடுக்கிறவங்க. மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனா நிறுவை நேரத்தில் கணக்குப்பிள்ளையோடு பேசிப் பேசித் தொண்டை நல்லாப் பழகியிருக்கு. அந்தத் தைரியத்தில்தான் இங்கே வந்து நிற்கிறோம். நாங்கள் சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமான விஷயம். சிரிப்பு வந்தா சிரிச்சிடுங்க. அடக்க வேண்டாம்.

போன வருஷம் மருத்துவச்சி அம்மா லயத்துக்கு வந்து, "35 வயசு, 45 வயசு ஆனவங்க சுகவனிதையர் கிளினிக்குக்கு வாங்க, பாப் டெஸ்ட் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்களில் மூத்த அக்கா காதில் அது "பேப்பர் டெஸ்ட்" என்று விழுந்துவிட்டது. பாவம், இரவெல்லாம் தூக்கமில்லை. கிளினிக் நாளன்று தரம் 6 படிக்கிற கடைசி மகளின் பென்சிலைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து நின்றார். "எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் வரும். மிச்சத்த நீங்க காட்டிக் குடுங்கடி" என்றார். பஸ் வரும்வரை நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதிப் பயம் அங்கேயே போய்விட்டது.

இது எழுதுகிற பரீட்சை இல்லை. கர்ப்பப்பையின் வாசலை, அதாவது கர்ப்பப்பைக் கழுத்தை, மெல்லத் தடவி அங்குள்ள கொஞ்சம் கலங்களை எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசிப் பார்க்கிற பரிசோதனை. பாப் என்பது பாப்பனிக்கோலாவ் என்ற டாக்டரின் பெயரைச் சுருக்கியது. கிரேக்க நாட்டில் 1883இல் பிறந்து, அமெரிக்கா போய் வேலை பார்த்தவர். முதலில் அவர் இந்தச் சோதனையைச் செய்தது கினிப்பன்றிக்கு. அந்தச் சின்னப் பிராணிக்கு ஏற்ற கருவி இல்லாததால், மூக்குக்குள் பார்க்கிற சிறு கருவியை வைத்துச் செய்தாராம். அதற்குப் பிறகு யார் தெரியுமா? அவருடைய சொந்த மனைவி! பல வருஷம் அந்த அம்மாதான் பொறுமையாக இருந்து சோதனைக்கு உடன்பட்டார். 1928இல் அந்த டாக்டர் தன் கண்டுபிடிப்பைச் சொன்னபோது மற்ற டாக்டர்மார் பெரிதாக எடுக்கவில்லை. 1943இல் அவர் புத்தகம் வந்த பிறகுதான் உலகம் ஏற்றுக்கொண்டது. எங்களுக்கு அந்த அம்மாவை நினைத்தால்தான் கும்பிடத் தோன்றுகிறது. நமக்கு எப்போதாவது ஒரு தடவை. அவங்களுக்கு எத்தனை தடவையோ!

சரி, உள்ளே என்ன நடந்தது என்று கேட்பீங்க. மறைக்காமல் சொல்கிறோம். கட்டிலில் படுக்கச் சொன்னாங்க. துணியால் மூடினாங்க. காலை மடக்கி விரிக்கச் சொன்னாங்க. மிஸ்ஸி, "இன்னும் கொஞ்சம் கீழ வாங்கம்மா" என்றார். அக்கா நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம்" என்றார். மறுபடி நகர்ந்தார். மூன்றாந்தரம் சொன்னதும், "இன்னும் கீழ வந்தா பஸ் ரோட்டுக்கே போயிருவேன் மிஸ்ஸி" என்றார் அக்கா. மிஸ்ஸிக்கே சிரிப்பு தாங்கவில்லை.

பிறகு வாத்தின் அலகு மாதிரி ஒரு கருவி. அதை வைத்துத்தான் வாசலைத் திறந்து பார்க்கிறார்கள். கொஞ்சம் சில்லென்று இருக்கும். கொஞ்சம் இறுக்கும். "உடம்ப லேசா விடுங்க" என்றார்கள். இத்தனை வருஷமாகக் கூடை சுமந்த உடம்பு, சொன்னவுடனே லேசாகுமா? வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டால் லேசாகிறது. பல்லைக் கடித்தால் வாத்தும் கடிக்கிற மாதிரி இருக்கும்! எல்லாம் சில நிமிஷம். "முடிஞ்சுதும்மா" என்றபோது அக்கா கேட்டது: "இம்புட்டுத்தானா? இதுக்கா புதுச் சேல கட்டிக்கிட்டு வந்தேன்?"

யோசித்துப் பாருங்க. மழைக்காலத்தில் மலைக்குள் போனால் அட்டை நம்மைக் கேட்டுவிட்டா ஏறுது? படங்குக்குள்ளே எங்கெங்கெல்லாம் ஏறி இரத்தம் குடிக்குது! அதற்கு வெட்கப்பட்டு வேலைக்குப் போகாமல் இருந்தோமா? நம் உயிரைக் காக்கிற ஒரு கருவிக்கு மட்டும் ஏன் இந்த வெட்கம்?

இங்கே சிரிப்பைக் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்தில் ஒரு அக்கா இருந்தாங்க. மாதவிடாய் நின்று இரண்டு மூன்று வருஷத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம் பட ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. எல்லோரும் படுத்த பிறகு பீலிக்கரையில் துணி அலசுவாங்க. ஒரு நாள் கண்டுவிட்டோம். "என்னக்கா, திரும்பக் குமரியாயிட்டீங்களா?" என்று கேட்டுச் சிரித்தோம். ஆமாங்க, நாங்கள்தான் சிரித்தோம். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு போனாங்க. அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் இன்னும் ஒளித்துக்கொண்டாங்க. தாங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. நாங்கள் அவங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான், எங்கள் சிரிப்பு என்ன செய்தது என்று விளங்கியது.

அதனால்தான் சொல்கிறோம். சிரிப்பில் இரண்டு வகை இருக்கு. கூட நின்று சிரிக்கிற சிரிப்பு பயத்தைப் போக்கும். ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு வாயை அடைத்துவிடும். வாத்துக் கருவியைப் பார்த்துச் சிரிப்போம். பென்சிலை நினைத்துச் சிரிப்போம். கட்டிலில் படுத்திருக்கிறவளைப் பார்த்து ஒருநாளும் சிரிக்க மாட்டோம்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. பெரும்பாலும் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமியால் ஆரம்பித்து, பல வருஷம் எடுத்துத்தான் புற்றுநோயாக மாறும். அந்தக் காலத்துக்குள் கண்டுபிடித்தால் தடுக்கலாம். கொழுந்தில் கொப்புள நோய் வருவது நமக்குத் தெரியும். சின்னப் புள்ளியாக இருக்கும்போதே மருந்து அடித்தால் மலை தப்பும். கொப்புளம் வெடிக்கும்வரை எந்தத் துரையாவது காத்திருப்பாரா? தேயிலைச் செடிக்குக் கொடுக்கிற கவனத்தை நம் உடம்புக்கும் கொடுப்போமே.

எங்கள் ஆறு பேரில் ஐந்து பேருக்குக் குறை ஒன்றுமில்லை. ஒருத்தியை மறுபடி வரச் சொன்னாங்க. மறுபடி கூப்பிட்டால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை; ஆனால் போகாமல் இருக்கக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் வினாகிரி மாதிரி ஒரு மருந்தைத் தடவி, பெரிதாக்கிக் காட்டுகிற கருவியால் பார்த்தாங்க. மாற்றம் உள்ள இடம் வெள்ளையாகத் தெரியுமாம். "என்னை ஊறுகா போடுறாங்கடி" என்று சொல்லிச் சிரிக்க வைத்தாள். அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டாங்க. இன்றைக்கும் எங்களோடு மலையில்தான் நிற்கிறாள். இதைச் சொல்லுங்க என்று சொன்னவளே அவள்தான்.

இனி, கவனிக்க வேண்டியவை. நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கின. பணம் ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. பிரஷர், சீனி, மார்பு எல்லாம் அங்கேயே பார்ப்பாங்க. மாதவிடாய் நாளில் போக வேண்டாம். போவதற்கு முன் இரண்டு நாள் கணவன் மனைவி சேராமல் இருக்க வேணும். உள்ளுக்கு மருந்து வைக்கவும் கூடாது. கூச்சமாக இருந்தால், பெண் ஊழியர் ஒருவர் கூட இருக்கட்டும் என்று கேட்கலாம். வலித்தால் "நிப்பாட்டுங்க" என்று சொல்லலாம். உறவுக்குப் பிறகு இரத்தம் பட்டாலோ, மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டாலோ, நாற்றத்தோடு வெள்ளை பட்டாலோ, 35 வயசு வரும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் காட்ட வேணும். பள்ளிக்கூடத்தில் தரம் 6 பெண் பிள்ளைகளுக்கு இந்த வைரஸுக்கு எதிரான ஊசியை 2017இலிருந்து போடுகிறார்கள். பயந்து பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீங்க.

அண்ணன் தம்பிமாரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. "அங்க போய் யாருக்குக் காட்டப் போற?" என்று கேட்காதீங்க. அன்றைக்கு ரொட்டி தட்டிப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வாங்க. அது பெரிய உதவி.

"ஒரு நாள் பேர் போயிருமே" என்று நினைக்கிறவங்க இருக்கீங்க. நாங்களும் நினைத்தோம். கைக்காசுக்கு அது பெரிய நஷ்டம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனா பேர் போனால் நாளைக்கு மலையேறி எடுத்துக்கலாம். ஆள் போனால் எந்தச் செக்ரோலில் தேடுவது?

அடுத்த கிளினிக் நாளை மருத்துவச்சி அம்மாவிடம் கேட்டு, கணக்குப்பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து போங்க. நாங்கள் திரும்பி வந்தபோது பஸ்ஸில் கண்டக்டர் தம்பி, "என்னம்மா, கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வாறீங்களா?" என்று கேட்டது. அவ்வளவு சிரிப்பு! துணைக்கு ஆள் வேணுமென்றால் எங்கள் லயத்துக்கு வந்து கூப்பிடுங்க. நாங்கள் வருகிறோம்.

பென்சில் மட்டும் கொண்டுவர வேண்டாம்.