குடும்ப வைத்தியர்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



மருத்துவத்திற்கு நான்கு உறுப்புக்கள் உண்டென வகுத்த திருவள்ளுவனார் நோயாளியையே முதற்கண் வைத்தனர். வைத்தியரும், மருந்தும், பணிவிடை செய்வோனும் பின்னரே எண்ணப்பெற்றனர். நோயாளியை அறியாதார் நோயை முற்ற அறிதல் யாங்ஙனம்?

இந்நாளில் நம் ஒழுகலாறு யாது? காய்ச்சலுக்கு ஒருவரிடமும் மூட்டுவலிக்கு மற்றொருவரிடமும் செல்கின்றோம். முந்திய சீட்டை வீட்டிலே விட்டுச் செல்கின்றோம். ஒவ்வொருவரும் நோயின் ஒரு கூற்றையே காண்கின்றனர்; மனிதனை முழுதும் கண்டார் ஒருவருமிலர்.

நார்வே தேசத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் குடிகள் ஒவ்வொருவர்க்கும் ஒரு குடும்ப வைத்தியர் குறிக்கப்பெறும் ஏற்பாடு நடந்து வருகின்றது. அங்கே ஏறக்குறைய 45 லட்சம் பேரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2021-இல் வெளிவந்தது. ஒரே வைத்தியரிடம் 15 ஆண்டுகட்கு மேல் தொடர்ந்தோரிடத்து, ஓராண்டே பழகியோரினும், மரணம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்திருந்ததாம். நெடும் பழக்கமும் ஒரு மருந்தே என்னலாம்.

வேல்ஸ் நாட்டிலே கிளின்கோரக் என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த சிற்றூர். ஆங்கு 1961 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் வைத்தியராயிருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்பார். நோயென்று வந்தாரை மட்டும் நோக்கி அமையாது, ஊரிலுள்ள வயது வந்தோர் அனைவர்க்கும் இரத்த அழுத்தம் அளந்து குறித்து வைத்தார். அந்நோய் வலியின்றி வளர்ந்து, ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படுவது அன்றோ? நல்ல வைத்தியம் எவர்க்கு மிகுதியும் வேண்டுமோ அவர்க்கே அரிதாய்க் கிடைக்கின்றது என்னும் உண்மையை 1971-இல் எழுதி உலகறியச் செய்தவரும் இவரே.

இவ்வுண்மை நம்மிடையும் உளது. நம் குலத்துச் செல்வர் சிறு தும்மலுக்கும் பட்டணத்து வைத்தியசாலை நாடுகின்றனர். கூலி வேலை செய்யும் நம் சகோதரியோ ஒருநாட் கூலி போமென்று அஞ்சி நோயை மறைக்கின்றாள். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் இத்தகையோரின் இல்லந்தோறும் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மருந்தளிக்க ஏற்பட்டதே. அதனைப் பயன்கொள்ள நாணுதல் பேதைமை.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். குடும்பந்தோறும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்து, நோயும் மருந்தும் அளவும் அதில் எழுதுக. அருகிலுள்ள நல்ல வைத்தியர் ஒருவரைத் தேர்ந்து, காரணமின்றி மாற்றாதிருங்கள். மாதம் ஒருமுறை சங்கக் கட்டிடத்தில், தகுந்த செவிலியரைக் கொண்டு, இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்க.

மூன்றாவதில் ஒரு சொல் கூறுதல் கடன். "நம் வகுப்பார்க்கு மட்டுந்தானே?" எனச் சிலர் வினவலாம். அன்று! கிளின்கோரக்கில் ஊர் முழுதும் அளந்தமையாற்றான் மறைந்த நோய் வெளிப்பட்டது. நம் தெருவில் வாழ்வார் யாவரேயாயினும் கதவு திறந்திருத்தல் வேண்டும். குலத்திற்குப் பெருமை, பிறர்க்கும் பயன்படும் செயலால் வருவதேயன்றி வேறில்லை.

இதனை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு வேண்டி அமைகின்றோம்.