சீனக்குடாவிலிருந்து பலெம்பாங் வரை



திருகோணமலையில் உலகப்போர்க் கதை என்றால் 1942 ஏப்ரல் 9தான் எல்லோர் வாயிலும் முதலில் வரும். அன்று காலை ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு பொழிந்தன. அங்குள்ள சீனக்குடா விமானத் தளத்திலிருந்து பிரித்தானிய ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பிப்போய் எதிர்த்தன. அவற்றில் எட்டு வீழ்ந்தன. எண்ணெய்க் குதம் ஒன்று தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தது. தாக்குதல் வரும் என்றறிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுப் போயிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் தப்பவில்லை. மட்டக்களப்புக் கடலில் அது மூழ்கியபோது அதில் விமானம் ஒன்றுகூட இல்லை. 307 பேர் மாண்டார்கள்.

அடிவாங்கிய இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே தளத்திலிருந்து அடிக்கப் போனவர்களின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

1944இல் ஜப்பானின் போர் இயந்திரம் பெருமளவு நம்பியிருந்தது சுமாத்திரா எண்ணெயை. அங்கே பலெம்பாங் நகரத்துச் சுத்திகரிப்பு ஆலைகளை நொறுக்கிவிட்டால் ஜப்பானிய விமானங்கள் தரையிலேயே கிடக்க வேண்டியதுதான் என்று வாஷிங்டனில் கணக்குப் போட்டார்கள். அந்தத் தூரம் போய்த் திரும்பக்கூடிய குண்டுவீச்சு விமானம் அப்போது ஒன்றே ஒன்று: அமெரிக்காவின் பி-29. அவை வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றியிருந்த தளங்களில் நின்றன. அங்கிருந்து பலெம்பாங்குக்கு நேராகப் போய்வர அவற்றுக்கும் எட்டாது. நடுவே ஓரிடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். இலங்கையில் பல தளங்களை யோசித்து, கடைசியில் சீனக்குடாவைப் பிடித்தார்கள். ஓடுபாதையை 7,200 அடிக்கு நீட்டினார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் நிற்க இடம் அமைத்தார்கள்.

கண்டியில் இருந்துகொண்டு தென்கிழக்காசியப் போரை நடத்தியவர் மவுண்ட்பேட்டன். ஆனால் இந்த விமானங்கள் அவர் சொல் கேட்பவை அல்ல. கட்டளை நேரே வாஷிங்டனிலிருந்து வரும். தன் முற்றத்தில் நிற்கும் படை தனக்குக் கீழ் இல்லை! கூட்டணி என்பதன் இலட்சணம் அப்படி.

1944 ஆகஸ்ட் 10, மாலை. 54 விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீனக்குடாவிலிருந்து மேலெழுந்தன. நான்கு எஞ்சின்கள், அந்த எஞ்சின்களோ சூடேறித் தீப்பிடிப்பதில் பேர்போனவை. எரிபொருளே பெருஞ்சுமை என்பதால் குண்டுகளைக் குறைத்துத்தான் ஏற்ற முடிந்தது. போய்வர ஏறத்தாழ 3,800 மைல், 18, 19 மணி நேரம், பெரும்பகுதி நடுக்கடலுக்கு மேலே. கடலில் விழுவோரைத் தூக்குவதற்காகப் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் வழியில் காத்து நின்றன. அதுவரை நடந்த குண்டுவீச்சுப் பயணங்களில் இவ்வளவு நீண்டது வேறில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கண்டது என்ன? 39 விமானங்கள்தான் இலக்குப் பகுதிக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் 31 ஆலையைக் குறிவைத்தன. இரவு, மேகம் வேறு; அழிந்ததாக உறுதியானது ஒரே ஒரு கட்டடம். மீதி எட்டும் பலெம்பாங்கைக் கடலோடு இணைக்கும் மூசி ஆற்றின்மேல் தாழப் பறந்து கண்ணிவெடிகளைப் போட்டன. திட்டத்தில் இது ஓர் இணைப்பு வேலை, அவ்வளவே. ஆனால் அந்தக் கண்ணிவெடிகள்தான் மூன்று கப்பல்களை மூழ்கடித்து, ஆற்றுவழியே எண்ணெய்க் கப்பல்கள் போவதைச் சில காலம் தடுத்தன. திரும்பும் வழியில் ஒரு விமானம் கடலில் இறங்கியது. அதிலிருந்தவர்களில் ஒருவர் இறந்தார், மற்றவர்கள் மீட்கப்பட்டார்கள்.

ஒரே ஓர் இரவுக்காகத்தான் அந்த ஓடுபாதை அவ்வளவு நீண்டது. பி-29கள் அதன்பின் சீனக்குடாவிலிருந்து குண்டுவீசப் போகவே இல்லை. என்னைக் கேட்டால், இது தோல்விதான். பலெம்பாங் ஆலைகளுக்குப் பெரிய அடி விழுந்தது 1945 ஜனவரியில். அடித்தவை, திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்கள். கரையில் போட்ட நீண்ட ஓடுபாதை செய்யாததைக் கடலில் மிதந்த குட்டை ஓடுபாதைகள் செய்து முடித்தன.

சீனக்குடாத் தளம் இன்று இலங்கை விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி. அதனருகே பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன. அவற்றை யார் வைத்துக்கொள்வது என்று கொழும்பும் டெல்லியும் பல ஆண்டுகள் பேசி, 2022இல்தான் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன.

நேயர்களே, திருகோணமலைப் பக்கம் உங்கள் உறவில் 90 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், 1942ஐ மட்டும் கேட்காதீர்கள். அந்த ஆகஸ்ட் மாலையில் தலைக்குமேல் போன பெரிய விமானங்களைப் பற்றியும் கேளுங்கள். சொல்வதைக் கைப்பேசியிலேனும் பதிந்து வையுங்கள்.