நீலம் ஏன் முதலில் மங்குகிறது?



ஊரைவிட்டு வெகுதொலைவில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்க்கு, இரவு உணவு முடிந்தபின் கைப்பேசியில் வீட்டாரின் முகம் காண்பது அன்றாட வழக்கமாகிவிட்டது. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் அம்முகத்தை ஒளிரச் செய்வது கரிமப் பொருள் விளக்காகும். 'ஓஎல்இடி' என்று அதைச் சுருக்கி வழங்குவர்.

நான் அறிவியல் பயின்றவன் அல்லன். மொழிபெயர்ப்பே என் தொழில். இப்பெயரிலுள்ள 'ஆர்கானிக்' என்ற சொல்தான் என்னை இப்பக்கம் இழுத்தது. கடைத்தெருவில் அச்சொல்லுக்கு இரசாயன உரமிடாத காய்கறி என்று பொருள். நானும் ஒருமுறை 'இயற்கை விளக்கு' என்று எழுதிவிட்டுப் பின்னர் அடித்தேன். வேதியியலில் அது கரியணுவை முதுகெலும்பாகக் கொண்ட சேர்மத்தைக் குறிக்கும். துணிப்பெட்டியில் இடும் அந்துருண்டையின் நாப்தலீனும் அவ்வினமே.

அந்த நாப்தலீனுக்குத் தாயாதி முறையானது ஆந்த்ரசீன். 1963இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப் என்பாரும் அவர் துணைவர்களும் ஆந்த்ரசீன் படிகத்தில் மின்சாரம் செலுத்தி ஒளி கண்டனர். ஆயினும் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தம் வேண்டியிருந்தது. வீட்டுக்கு உதவாத விளக்கு!

வழி பிறந்தது 1987இல். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில், கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்னும் இருவர், படிகத்தை விடுத்து மெல்லிய படலங்களை நாடினர். ஒளி புகும் இண்டியம்-வெள்ளீய ஆக்சைடு பூசிய கண்ணாடியின்மேல் இரு கரிமப் படலங்கள். அவற்றின்மேல் மக்னீசியமும் வெள்ளியும் கலந்த பூச்சு. மக்னீசியம் எலக்ட்ரானை எளிதில் ஈயும். ஆனால் காற்றில் கெடும். ஆதலால் சிறிது வெள்ளி சேர்த்தனர். மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூற்றினும் சற்றே மிகுந்ததுதான் கரிமப் படலங்களின் மொத்தக் கனம். ஒருபுறமிருந்து எலக்ட்ரானும், மறுபுறமிருந்து எலக்ட்ரான் இல்லாத வெற்றிடமும் புறப்பட்டு நடுவில் சந்திக்கும்போது ஒளி பிறக்கிறது. 10 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தமே போதுமானதாயிற்று.

எனினும் நூறு எலக்ட்ரான் செலவிட்டால் ஏறக்குறைய ஓர் ஒளித்துகள்தான் வெளிவந்தது. படலத்துக்குள்ளேயே சிறைப்பட்ட ஒளி ஒருபுறமிருக்க, இயற்கை விதித்த தடை ஒன்றும் உண்டு. நான்கு சந்திப்புகளில் மூன்று, சாதாரண மூலக்கூறுகளில் ஒளி தராமல் வீணாகும். 1998இல் ஃபாரஸ்ட், தாம்ப்சன் ஆகியோரின் குழுவினர் பிளாட்டினம் அணுவைத் தாங்கிய மூலக்கூற்றால் அந்த மூன்றையும் ஒளிரச் செய்தனர். பின்னர் இரிடியம் அவ்விடத்தைப் பிடித்தது. சிவப்புக்கும் பச்சைக்கும் இம்முறை வெகு நன்றாகப் பயன்பட்டது.

நீலத்திடம்தான் இடர்ப்பாடு. நீல ஒளித்துகளின் ஆற்றல் சிவப்பினுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு மிகுதி. அவ்வளவு ஆற்றலைத் தாங்கி நிற்கும் மூலக்கூறு, அருகிலுள்ள இன்னொன்றோடு மோதும்போது தன் பிணைப்பே அறுந்து சிதையக்கூடும். ஒளியை ஈன்றெடுக்கும் அதே ஆற்றல் தாயையும் அழிக்கிறது. எனவே பெரும்பாலான கைப்பேசிகளில், சிக்கனம் குறைந்ததாயினும் நீடித்துழைக்கும் பழைய வகை நீலப்பொருளையே வைத்தனர். அதுவும் சிவப்பு, பச்சைக்கு முன்பே தேய்வதால், பல திரைகளில் நீலப் புள்ளியைப் பெரிதாக அமைப்பர். பரப்பு பெருகினால் ஒவ்வோரிடத்திலும் பாயும் மின்சாரம் குறையுமன்றோ?

என் அலுவலக நண்பர் ஒருவர் வெண்ணிறப் பட்டையுள்ள ஒரே பக்கத்தைத் திரையின் முழு வெளிச்சத்தில் நாள் முழுதும் திறந்து வைத்திருப்பார். ஓராண்டு சென்றபின் அப்பட்டை இருந்த இடம் மட்டும் மஞ்சள் பூத்தது. கறை என்று எண்ணித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வெண்மையிலிருந்து நீலம் குறைந்தால் எஞ்சுவது மஞ்சள் என்று சொன்னேன். இப்போது வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். பழைய மஞ்சள் பட்டை மட்டும் அப்படியே நிற்கிறது.