கரி செல்லும் வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

தாமோதர் நதிப் பள்ளத்தாக்கின் இந்நிலக்கரி வட்டாரத்திற்குப் பிழைப்பு நாடி வந்த நாம், கரியின் விலையையும் எடையையும் நன்கறிவோம். அது எங்கிருந்து வந்தது, எரிந்தபின் எங்கே போகிறது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

நம் அண்டை வீடுகள் பலவற்றில் இன்றும் நிலக்கரி அடுப்பு புகைகின்றது. நம் நாட்டுக் கரியில் சாம்பல் மிகுதி என்பது தாய்மார்கள் அறிந்ததே. எனினும் இட்ட எடைக்குச் சாம்பல் ஈடாவதில்லை. மிச்சம் மறைந்துவிடவில்லை. 12 பங்கு கரி, காற்றிலுள்ள 32 பங்கு பிராணவாயுவுடன் கூடி, 44 பங்கு கரியமிலவாயு ஆகிறது. அதாவது, தூய கரி ஒரு கிலோ எரிந்தால் மூன்றரைக் கிலோவுக்கும் மேலான வாயு மேலே செல்கிறது. கண்ணுக்குப் புலப்படாமையால் அதனை நாம் கணக்கில் வைப்பதில்லை.

கரி அங்கிருந்து இறங்கும் வழியும் உண்டு. சோட்டா நாகபுரியின் சால மரங்களைக் காணுங்கள். அவற்றின் இலைகள் நுண்துளைகள் வழியே அவ்வாயுவை ஏற்று, கதிரொளியின் துணையால் சர்க்கரையாகவும் பின்னர் மரமாகவும் மாற்றுகின்றன. இலையை ஆடு தின்கிறது. ஆட்டின் பாலைக் குழந்தை பருகுகிறது. குழந்தையின் மூச்சில் கரி மீண்டும் வெளியேறுகிறது. உதிர்ந்த இலையைக் கறையானும் காளானும் நுண்ணுயிர்களும் தின்று அதே வாயுவை விடுகின்றன. நாம் விருந்துண்டு எறியும் சால இலைத் தட்டுக்கும் இதுவே கதி. இவ்வரவு செலவு ஏறக்குறையச் சமமாகவே நடந்துவருகிறது. வடகோளத்துக் காடுகள் தளிர்த்துத் தழைக்கும் மாதங்களில் காற்றிலுள்ள வாயு சற்றுக் குறைவதும், இலையுதிர்ந்தபின் கூடுவதும் கருவிகளிலேயே பதிவாகின்றன.

ஆயின் சதுப்பு நிலத்தில் விழுந்த இலை, காற்றுப் புகாமையால் முற்றிலும் மட்காமல் தங்கிவிடும். 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கோண்டுவானா என்னும் பெருநிலத்தின் சதுப்புகளில் குளோசாப்டெரிஸ் என்ற மரங்கள் அவ்வாறு விழுந்து, மண் மூடி, அழுந்தி, வெந்து, நிலக்கரியாயின. நாக்கு வடிவான அவ்விலைகளின் அச்சு இங்குள்ள பாறைகளில் இன்றும் காணக் கிடைக்கிறது. நம் நெய்வேலிப் பழுப்புக் கரியும் இவ்வழியில் வந்ததே. மிகப் பிற்காலத்தது, முற்றாதது.

ராணிகஞ்சில் 1774-இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காயிருந்த கரியமிலவாயு, 1958-இல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளந்தபோது 315 அளவில் நின்றது. 2024-இல் 420-ஐக் கடந்திருந்தது. நாம் எரித்து வெளியேற்றுவதில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் ஏற்றுக்கொண்ட பின்னர் உள்ள நிலை இது.

நம் பிள்ளைகளின் படிப்புச் செலவு இக்கரியிலிருந்தே வந்தது. ஆகவே அதைப் பழித்துரைத்தல் நமக்கு அழகன்று. ஊதுலையில் இரும்புத் தாதுவினின்று பிராணவாயுவைப் பிரிப்பது இவ்வூர்க் கரியிலிருந்து செய்த கோக்கே. அதில் பயனுண்டு. ஆனால் ஜரியாவில் 1916 முதல் அறியப்பட்ட நிலத்தடித் தீ எவருக்கும் சோறு சமைக்கவில்லை. கைவிட்ட சுரங்கங்களில் காற்றுப் புகுந்து, கரி தானே சூடேறித் தானே பற்றிக்கொள்ளுகிறது. வீடுகள் விரிசல் காண்கின்றன. குடும்பங்கள் பெல்காரியாவுக்குக் குடிபெயர்க்கப்படுகின்றன. மண்ணாலும் மணலாலும் மூடிக் காற்றைத் தடுப்பதே அத்தீக்கு மருந்து. கரியை எடுத்த குழியை அன்றன்றே நிரப்பியிருந்தால் அம்மருந்தின் தேவை மிகக் குறைந்திருக்கும்.

நம் காலனியில் மரக்கன்று நடும் திட்டம் நன்று; நிழலுக்காகவே நடலாம். ஆனால் அதனால் நிலக்கரிக் கணக்கு நேராகிவிட்டதென்று நாம் கொள்ளுதல் பொருந்தாது. மரம் பிடித்துவைக்கும் கரி, அம்மரம் பட்டு மட்கும் வரைக்குமே நிற்கும். நிலைத்த இறக்கம் வேறு வழியில் நிகழ்கிறது. மழைநீர் அவ்வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறைகளை அரிக்கிறது. அக்கரைசல் தாமோதரிலும் ஹூக்ளியிலும் சென்று வங்கக் கடலை அடைகிறது. அங்கே நுண்ணுயிர்களின் ஓடாகி, அடியில் படிந்து, சுண்ணாம்புக் கல்லாகிறது. நாம் இதுவரை எரித்ததை அவ்வழியே இறக்கி முடிக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும்.