பிசோவின் பட்டப்பெயர்

சிக்கனமாக வாழ்பவரை ஆங்கிலத்தில் 'ஃப்ரூகல்' என்பார்கள். கஞ்சன் என்று பொருளில்லை. வீண்செலவு செய்யாதவர், அவ்வளவுதான். இந்தச் சொல்லின் வேர் லத்தீன். அதில் 'ஃப்ரூக்ஸ்' என்றால் விளைச்சல். அதிலிருந்து வந்த 'ஃப்ரூகி' என்ற சொல் பயனுள்ளவர், நேர்மையானவர் என்று பொருள் தரும்.

பழைய ரோமில் அதையே பட்டப்பெயராகப் பெற்றவர் கல்பூர்னியஸ் பிசோ. மாகாணங்களில் பணம் பறித்த ஆளுநர்களை விசாரிக்க கி.மு. 149இல் சட்டம் கொண்டுவந்தவர்.

ரோமின் அரசியல் தலைவர் கிராக்கஸ், குடிமக்களுக்கு மலிவு விலையில் தானியம் தரும் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிசோ அதை விடாமல் எதிர்த்தார். ஆனாலும் சட்டம் நிறைவேறியது. பார்த்தால், தானியம் வாங்க வந்த கூட்டத்தில் பிசோவும் நிற்கிறார்! கிராக்கஸ் விடுவாரா? எல்லார் முன்னாலும் காரணம் கேட்டுவிட்டார். என் சொத்தை நீ ஊருக்குப் பங்கு போடுவது எனக்குப் பிடிக்கவில்லைதான், போட்டுவிட்டால் என் பங்கை நான் ஏன் விடவேண்டும் என்றாராம் பிசோ. ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதிவைத்திருக்கும் சம்பவம் இது.