மாபெரும் தளபதி யார்?

(நமது பள்ளிவாசலில் இஷாத் தொழுகைக்குப் பின் இளைஞர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அருளாளன் அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லித் தொடங்குகின்றோம்.

 

சென்ற வாரம் இஷாவுக்குப் பின் ஹவுள் அருகே நமது இளைஞர்கள் கூடி ஒரு வாதம் நடத்திக் கொண்டிருந்தனர். உலக வரலாற்றில் மாபெரும் படைத்தளபதி யார் என்பது தலைப்பு. ஒருவர் அலெக்சாந்தர் என்றார். மற்றொருவர் நெப்போலியன் என்றார். திப்பு சுல்தான் என்று ஒரு குரல் எழுந்தது. செங்கிஸ்கானும் நம்மவர்தானே என்று ஒரு தம்பி பெருமையோடு சேர்த்துக் கொண்டார். நாம் சிரித்துக் கொண்டே கடந்து சென்றோம். சிரித்தது நமது பிழை. அந்த வாதம் முற்றி, சிறு வயது முதல் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுத இரு நண்பர்கள் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்வதை நிறுத்தி விட்டனர் என்று பின்னர் அறிந்தோம். ஆகவேதான் இன்று இந்தத் தலைப்பையே எடுத்துக் கொண்டோம்.

முதலில் அந்தத் தம்பிக்கு ஒரு விளக்கம். ‘கான்’ என்பது மங்கோலியரிடையே வழங்கிய ஒரு பட்டப் பெயர். செங்கிஸ்கான் முஸ்லிம் அல்லர். அவருடைய பேரன் ஹுலாகுவின் படைதான் 1258-ஆம் ஆண்டில் பக்தாதை அழித்து, அப்பாஸிய கிலாஃபத்தை முடிவுக்குக் கொண்டு வந்தது. பெயரைப் பார்த்து ஒருவரை நம்மவர் என்று தழுவுவதும், பெயரைப் பார்த்தே ஒருவரை அயலார் என்று தள்ளுவதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும்.

அடுத்து, எந்தத் தராசில் நிறுக்கப் போகின்றோம் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வென்ற நாடுகளின் எண்ணிக்கை என்றால் அலெக்சாந்தர் முன்னே நிற்பார். ஆனால் கி.மு. 323-இல், தமது முப்பத்திரண்டாம் வயதில் அவர் மறைந்ததும், அவருடைய தளபதிகளே அந்தப் பேரரசைப் பங்கு போட்டுப் போரிட்டனர். போர்த்தந்திரம் என்றால் நெப்போலியனை மறுக்க இயலாது. ஆனால் 1812-இல் ஏறத்தாழ ஆறு இலட்சம் வீரர்களை ரஷ்யாவுக்கு அழைத்துச் சென்று, அவர்களில் பெரும்பாலோரை இழந்து திரும்பியவரும் அவரே. வெற்றி மட்டுமே தராசு என்றால், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போர்க்களத்திலேயே உயிர் துறந்த திப்புவை எங்கே வைப்பது?

நமக்கு மிக அருகில் வாழ்ந்த ஒரு தளபதியைப் பார்ப்போம். மதுரையில் கான்சாமேட்டுத் தெரு என்று ஒரு தெரு உண்டு. நம்மில் பலர் துணி வாங்கவும் வைத்தியம் பார்க்கவும் மதுரை சென்று வருகின்றோம். அந்தப் பெயர் யாருடையது என்று எண்ணிப் பார்த்ததில்லை. மருதநாயகமாகப் பிறந்து முஹம்மது யூசுஃப் கான் ஆனவரும், மக்களால் கான் சாஹிப் என்று அழைக்கப்பட்டவருமான தளபதியின் பெயர் அது. சாதாரண சிப்பாயாகச் சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவராக உயர்ந்தவர். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அவர்களை ஓயாமல் தாக்கி உணவு வழிகளை மறித்தவர். மதுரையின் நிர்வாகம் கைக்கு வந்த பின் கண்மாய்களைச் செப்பனிட்டார். கோயில் நிலங்களை மீட்டுக் கொடுத்தார். பின்னர் கம்பெனியையும் ஆற்காடு நவாபையும் எதிர்த்து நின்றபோது, 1763-இலும் 1764-இலும் மதுரைக் கோட்டையை வைத்துக் கொண்டு பெரும்படையைத் திணறடித்தார். எதிரியால் அவரை வெல்ல முடியவில்லை. உடனிருந்தவர்களே பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

இதைக் கேட்டதும் நெஞ்சு நிமிர்கின்றது. ஆனால் மீதியையும் கேட்க வேண்டும். 1761-இல் நெற்கட்டும்செவல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கம்பெனிக்காக வீழ்த்தியவரும் இதே கான் சாஹிப்தான். அவரைத் தூக்கிலிட வைத்த நவாப் முஹம்மது அலியும் கலிமாச் சொன்னவர்தான். பாளையக்காரர் கட்டபொம்மன் 1799-இல் பிடிபட்டது நமது புதுக்கோட்டைச் சீமையில் உள்ள திருக்களம்பூர்ப் பக்கம். பிடித்து ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, இன்னார் நம்மவர், இன்னார் அயலார் என்று கோடு கிழித்து வரலாற்றைப் பங்கு வைக்க முடியாது என்பது விளங்குகின்றது. கான் சாஹிபின் வீரத்தைப் போற்றுவோம். அவர் செப்பனிட்ட கண்மாயை அதைவிட ஒரு படி மேலே வைப்போம். அவருடைய வாள் யாருக்காகச் சுழன்றது என்ற கேள்வியை மட்டும் மறைக்க வேண்டாம்.

ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்களின் பெயரையும் ஒருவர் சொன்னார். 1099-இல் சிலுவைப் படையினர் பைத்துல் முகத்தஸைப் பிடித்தபோது பெரும் படுகொலை நடந்தது. 1187-இல் ஸலாஹுத்தீன் அந்நகரை மீட்டபோது பழிக்குப் பழி வாங்கவில்லை. மீட்புத் தொகை பெற்று மக்களை வெளியேற அனுமதித்தார். ஏழைகள் பலரைத் தொகையின்றியே விடுவித்தார். தொகை செலுத்த இயலாமல் சிறைப்பட்டோரும் இருந்தனர். அதையும் மறைக்கக் கூடாது. எனினும் கை ஓங்கிய வேளையில் கையை அடக்கியது அவருடைய பெருமை. 1193-இல் அவர் மறைந்தபோது கருவூலத்தில் அவருக்கென இருந்தது ஒரு பொற்காசும் சில வெள்ளிக் காசுகளுமே.

அப்படியானால் முதலிடம் யாருக்கு? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை நாம் இந்தப் பட்டியலில் வைக்கவில்லை. தம்மை ஊரை விட்டு விரட்டியவர்களை மக்கா வெற்றியின் நாளில் மன்னித்த அந்த மாநபி, தளபதிகளோடு நிறுக்கப்பட வேண்டியவர்கள் அல்லர். தளபதிகளில் நமது உள்ளம் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்களிடம் நிற்கின்றது. இளைஞர்கள் சொன்ன காரணம் வேறு, நாம் சொல்லும் காரணம் வேறு.

உஹதுப் போரில் அவர் எதிரணியில் இருந்தார். வில்லாளிகள் மலையை விட்டு இறங்கிய கணத்தைக் கண்டு, குதிரைப் படையோடு சுற்றி வந்து போரின் போக்கையே மாற்றியவர் அவர். அப்படிப்பட்டவரை இஸ்லாம் பழங்கணக்குப் பார்க்காமல் ஏற்றுக் கொண்டது. ஹிஜ்ரி 8-இல் முஃத்தா களத்தில், மூவாயிரம் பேர் கொண்ட படையின் மூன்று தலைவர்களும் ஒருவர் பின் ஒருவராக ஷஹீதானார்கள். கொடி காலித் (ரலி) அவர்களின் கைக்கு வந்தது. வலப்பக்கத்தாரை இடப்பக்கமும், முன்னணியைப் பின்னணியுமாக மாற்றி நிறுத்தி, புதிய படை வந்துவிட்டதோ என்று எதிரியை மயங்கச் செய்து, எஞ்சியோரைக் காப்பாற்றி மதீனா கொண்டு வந்து சேர்த்தார். ஓடி வந்தவர்கள் என்று சிலர் ஏசினர். பெருமானார் (ஸல்) அவர்களோ அந்த ஏச்சை மறுத்து, அவர்கள் மீண்டும் களம் காணப் போகிறவர்கள் என்று தேற்றினார்கள். ‘அல்லாஹ்வின் வாள்’ என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது நாடு பிடித்த நாளில் அன்று. தோழர்களின் உயிரைக் காத்துத் திரும்பிய அந்தப் போரில்தான். இளைஞர்களே, இதை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

ஆனால் அவருடைய மிகப் பெரிய வெற்றி அதுவும் அன்று. ஹிஜ்ரி 13-இல் உமர் (ரலி) அவர்கள் கலீபாவானதும் காலித் (ரலி) அவர்களைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கி, அபூ உபைதா (ரலி) அவர்களை அமர்த்தினார்கள். வெற்றி காலிதால் வருகின்றது என்று மக்கள் எண்ணத் தொடங்கி விட்டனர். அது இறைவனால் வருகின்றது என்பது மறந்துவிடக் கூடாது என்பதே கலீபாவின் கவலை. தோல்வியே காணாத தளபதி, ஆயிரக்கணக்கான வாள்கள் தமக்குப் பின்னே நிற்கும் நிலையில் என்ன செய்தார்? கலகம் செய்யவில்லை. கூடாரத்தைச் சுருட்டிக் கொண்டு போகவுமில்லை. புதிய தலைவரின் கீழ் நின்று, பெரும்பாலான வரலாற்று ஆசிரியர்கள் கி.பி. 636 எனக் குறிக்கும் யர்மூக் போரில் தமது அறிவையும் வாளையும் முழுமையாகத் தந்தார். பின்னர் முற்றிலுமாக விலக்கப்பட்டபோதும் அடங்கி நடந்தார். ஹிஜ்ரி 21-இல் போர்க்களத்தில் அல்லாமல் படுக்கையில் அவருடைய உயிர் பிரிந்தது.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டா என்று நமது மனமே கேட்கின்றது. ஓதி முடித்து வந்த புதிதில் நாம் ஒரு சிற்றூரில் பணியாற்றினோம். அங்கே நிர்வாகம் மாறியது. நம்மை விலக்கி வேறொரு ஹஜ்ரத்தை அமர்த்தினர். அன்றே பெட்டியைக் கட்டிப் பேருந்து ஏறினோம். மக்தபில் எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கின்றது என்ற விவரம் நமது நோட்டில் மட்டுமே இருந்தது. அந்த நோட்டும் பெட்டியோடு வந்துவிட்டது. மறந்து வந்ததாக அப்போது சொல்லிக் கொண்டோம். அது பொய். ஆறு மாதம் கழித்து மனம் உறுத்தி அஞ்சலில் அனுப்பினோம். அதற்குள் ஜுஸ்வு முடித்திருந்த பிள்ளைகளும் மீண்டும் அலிஃபிலிருந்து தொடங்க வேண்டியதாகி விட்டிருந்தது. நாம் கோபித்தது நிர்வாகத்தின் மீது. விலை கொடுத்தது அந்தச் சிறு பிள்ளைகள்.

அன்பிற்கினியவர்களே! பொதுக்குழு கூடுகின்றது, பொறுப்புகள் கை மாறுகின்றன. பொறுப்பில் இருந்தவரை முதல் ஸஃப்பில் நின்றவர், பொறுப்பு போன மறுநாள் வேறு பள்ளி தேடிப் போகும் காட்சி எந்த ஊருக்கும் புதிதன்று. யாரையும் சுட்டிச் சொல்லவில்லை. முதலில் நம்மையே சுட்டிக் கொண்டு விட்டோம். கணக்கேட்டையும் சாவிக் கொத்தையும் முகம் சுளிக்காமல் ஒப்படைத்து, வாடகை பாக்கி எது, பழுதான மோட்டார் எது என்று பக்கத்தில் அமர்ந்து சொல்லிக் கொடுப்பவரிடம் காலித் (ரலி) அவர்களின் பண்பில் ஒரு துளி இருக்கின்றது. பொறுப்பைப் பெறுகிறவரும், முன்னவரை அவமதிக்காமல் ஆலோசனை கேட்டு, அபூ உபைதா (ரலி) அவர்களைப் போல் நடக்க வேண்டும்.

இறுதியாக அந்த இரு தம்பிகளுக்கு ஒரு சொல். ஒரு சகோதரனை மூன்று நாளுக்கு மேல் வெறுத்து விலகியிருக்க நமக்கு அனுமதியில்லை. இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே என்பது நபிமொழியின் கருத்து. உங்கள் கணக்கில் மூன்று நாள் கடந்து விட்டது. அலெக்சாந்தரும் நெப்போலியனும் தங்களுக்காக வாதாடச் சொல்லி உங்களைக் கேட்கவில்லை. தளபதி யார் என்று வாதிட்ட நீங்களே இன்றிரவு பள்ளியின் வாசலைத் தாண்டும் முன் காட்டுங்கள்: உங்களில் யார் முதலில் தம் மனத்தை வெல்கின்றார் என்று பார்ப்போம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை ஒன்றிணைத்து, இந்த மஹல்லாவை ஒற்றுமையோடு வாழச் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.